காற்று கூடினால் முறுக்கு

சிப்பித்துறையில் சந்தியாகு என்றொருவர் பாய்மரப் படகு வைத்திருந்தார். படகு அவரைவிட நாலு வயசு மூத்தது. அதனால் அதை மரியாதையாக "அவங்க" என்றுதான் சொல்லுவார். மாதா கோயில் திருவிழாப் படகுப் போட்டியில் அவங்க பதினோரு வருஷமாகக் கடைசி. இந்த வருஷமும் கடைசியாக வந்தால் இனிமேல் போட்டியில் இடம் கிடையாது என்று கமிட்டி சொல்லிவிட்டது.

சந்தியாகு மெக்கானிக் வியாகுலத்தைக் கூட்டிவந்தார். வியாகுலம் படகைச் சுற்றிப் பார்த்தார். பாய்மரத்து உச்சியிலிருந்து படகின் வால்பக்கம் இறங்கும் இரும்புக் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"பின்கம்பி தொளதொளன்னு கிடக்கு. காத்து பலமா அடிச்சா பாய் வயிறு ஊதிப்போவுது. அடியில இந்த அட்ஜஸ்டரை மாட்டு. கம்பிய இறுக்கினா மரம் லேசா வளையும், பாய் தட்டையாவும், படகு பறக்கும்."

கைப்பிடி வைத்த திருகாணி போலிருந்த அந்த அட்ஜஸ்டரைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் மூன்று விஷயம் சொன்னார். "கம்பியக் கழட்டும்போது மரத்தப் புடிச்சுக்கங்க, விழுந்துரும். அடியில ஒரு முழம் வெட்டிட்டு இதை மாட்டுங்க. அப்புறம், காத்து கூடினா முறுக்கு, காத்து விட்டா நீயும் விட்டுரு. அவ்வளவுதான்."

சந்தியாகுவும் அவர் மச்சினன்மார் கபிரியேலும் தஸ்நேவிசும் உடனே ஆளுக்கொரு பக்கம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் போனது.

"அத்தான், கம்பிய யாரு கழட்டுறது?" என்றான் கபிரியேல்.

"புடிக்காத ஆளு கழட்டணும்."

"எல்லாரும் புடிச்சிருக்கோமே!"

தஸ்நேவிஸ் நெடுநேரம் யோசித்தான். "படகையே மணல்ல படுக்க வச்சிட்டா? மரம் விழுறதுக்கு அப்புறம் ஏது இடம்?"

படுக்க வைத்தார்கள். மரம் விழவில்லை. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்து முழம். கபிரியேலின் கை நீளம், தஸ்நேவிசின் கை குட்டை.

"சொன்னவரு வியாகுலம். அவரு முழந்தான் செல்லும்," என்றார் சந்தியாகு.

"அவரு போயிட்டாரே அத்தான்."

"பொறுப்பில்லாத மனுஷன். கைய வச்சிட்டுப் போயிருக்கலாம்."

கடைசியில், ஊரில் முழம் போடுவதையே தொழிலாகச் செய்கிறவள் யார் என்று யோசித்து, கம்பியைத் தூக்கிக்கொண்டு பூக்காரி ஜெசிந்தாவிடம் போனார்கள்.

"மல்லியா, கனகாம்பரமா?"

"கம்பி."

ஜெசிந்தா முகம் மாறாமல் அளந்தாள். வழக்கம்போல நாலு விரல் குறைத்தாள். சந்தியாகு கொசுறு கேட்டார். நாலு விரல் கூட்டினாள். ஜெசிந்தாவின் கையில் முழம் சரியாக வந்தது அந்த ஒரு தடவைதான். அட்ஜஸ்டர் கச்சிதமாகப் பொருந்தியது.

மூன்றாவது விஷயத்தில்தான் பெரிய விவாதம்.

"காத்து கூடினா முறுக்குன்னாரு. அரிசி முறுக்கா, தேன்குழலா?" என்றான் தஸ்நேவிஸ்.

"பலமான காத்துக்குக் கெட்டி முறுக்கு," என்று சந்தியாகு தீர்த்துவைத்தார்.

போட்டியன்று பத்துப் படகுகள் கிளம்பின. பாதி வழியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று சீறிக்கொண்டு வந்தது. பாய் பூசணிக்காய் போல ஊதியது. படகு ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"முறுக்கு!" என்று அலறினார் சந்தியாகு.

அட்ஜஸ்டர் கைப்பிடியில் தொங்கிய தூக்குவாளியைத் திறந்து ஆளுக்கு இரண்டு தின்றார்கள். காற்று இன்னும் கூடியது.

"அத்தான், பல்லு வலிக்கு!"

"உயிரு பெருசா, பல்லு பெருசா? கடிடா!"

மற்ற ஒன்பது படகும் போட்டியை முடித்துக் கரை சேர்ந்தபின், கடைசி முறுக்கும் தீர்ந்த நேரத்தில் காற்று சட்டென்று நின்றது.

"பாத்தியா, வேலை செய்யுது," என்றார் சந்தியாகு. "காத்து விட்டாச்சு. நீங்களும் விடுங்க."

கபிரியேல் பாய்க்கயிற்றை விட்டான். தஸ்நேவிஸ் சுக்கானை விட்டான். விட வேறு ஒன்றும் இல்லாததால் சந்தியாகு நங்கூரத்தை விட்டார். படகு நட்டுவைத்த மாதிரி நின்றது.

தூரத்தில் இரண்டு சிவப்பு மிதவைகளுக்கு நடுவே கட்டிய கயிறு தெரிந்தது. அதுதான் எல்லைக்கோடு.

"படகு அங்க போவாது," என்றான் தஸ்நேவிஸ். "கோடு இங்க வருமான்னு கேட்டுப் பாப்போமா?"

மச்சினன்மார் இருவரும் நீந்திப்போய் மிதவைகளை அவிழ்த்து இழுத்துவந்து, படகுக்கு அடியில் மூக்கிலிருந்து வால்வரை கயிற்றை ஓட்டி, கோட்டைக் கடந்தார்கள். சந்தியாகு எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"மாப்ள, நாமதான் முதல்ல. ஆனா நமக்குப் பின்னால ஒருத்தனுமே இந்தக் கோட்டத் தாண்டலியே. ஒம்பது படகு! அத்தனையும் கடல்ல காணாமப் போச்சு!"

நங்கூரத்தைத் தூக்கினார்கள். துடுப்பை எடுத்து நடுக்கடலைப் பார்த்து வலிக்க ஆரம்பித்தார்கள். கரையில் ஒன்பது படகுக்காரர்களும் கையை வீசி, "எங்கலே போறிய? திரும்புங்கலே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

சந்தியாகு திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், காணாமப் போனவங்களோட சொந்தக்காரங்க போல. வேகமா வலிடா."