செத்த காலேஜ் வாசலில் மாப்பிள்ளை

வெண்ணெய்க்குழி பூவராகனுக்கு நாற்பது வயதில்தான் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் தாய்மாமன் தேசிங்கு, எழும்பூர்க்காரர். போனில் கறாராகப் பேசினார்.

"கோயம்பேட்டுல மெட்ரோ ரயில் ஏறி எழும்பூர்ல இறங்குங்க. மேலே வந்து செத்த காலேஜ் வாசல்ல நில்லுங்க. நான் வந்து பொண்ணு வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன். சொன்னதைச் சொன்னபடி செய்யறவனுக்குத்தான் எங்க பொண்ணு."

அந்தக் கடைசி வார்த்தைதான் வினையாகிவிட்டது.

பூவராகன் சித்தப்பா அங்கமுத்துவையும் அக்காள் புருஷன் கலியபெருமாளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ஊரிலேயே விவரமானவர்கள் அந்த இருவர்தான். மற்றவர்களைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கோயம்பேட்டில், மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் கேட்டுக்கொண்டது. மூவரும் செருப்பு நுனிகூடப் படாமல் நின்றார்கள். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடிக்கொண்டு போனது. அடுத்த ரயிலும் அப்படியே போனது.

"மச்சான், ரயிலு கோட்டுக்கு அந்தப் பக்கம்ல நிக்குது?" என்றான் பூவராகன்.

"நிக்கட்டும். ஒரு பொம்பளப் புள்ள இவ்வளவு தன்மையாச் சொல்லுது. மீறுனா நல்லாவா இருக்கும்?"

மூன்றாவது ரயில் வந்தபோது, பின்னாலிருந்த கூட்டம் அவர்களை உள்ளே தள்ளிவிட்டது. "நாம தாண்டல, தள்ளுனாங்க" என்று கலியபெருமாள் ரயில் நெடுகச் சாட்சி சொல்லிக்கொண்டே வந்தார்.

எழும்பூரில் ரயில் பூமிக்கடியில் நின்றது. நகரும் படிக்கட்டில், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தது. சித்தப்பா பிடித்தார். மேலே வந்தும் விடவில்லை. விடச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. கைப்பிடி தரைக்குள் போனபோது அவரும் அதோடு குனிந்தார்.

"விடுய்யா, பெரியவரே!" என்று காவலாளி கத்தினார்.

"இப்பத்தானே சொல்றீங்க" என்று சித்தப்பா விட்டார்.

வெளியே ஒரு ஆட்டோக்காரரிடம் வழி கேட்டார்கள். "செத்த காலேஜா? மியூசியந்தான்பா அது. அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க. எலும்பு, பாடம் பண்ண மிருகம், உள்ள இருக்கறது எல்லாம் செத்ததுங்கதான். நேராப் போ."

சிவப்புக் கட்டடத்தின் வாசலுக்கு வந்ததும் சித்தப்பா நின்றார்.

"செத்தவங்க காலேஜ் வாசல்ல உயிரோட நின்னா துரத்திருவாங்கடா. தேசிங்கு வரும்போது நாம இல்லேன்னா சம்பந்தம் போச்சு."

"மூணு பேருமா சாவணும்?" என்றார் கலியபெருமாள்.

"ஒருத்தன் செத்தாப் போதும். மத்தவங்க அவனைக் காலேஜ்ல சேர்க்க வந்தவங்க."

"யாரு சாவறது?"

"அவரு பாக்க வர்றது மாப்பிள்ளையத்தானே?"

"மாமா நிக்கத்தானே சொன்னாரு, சித்தப்பா?" என்றான் பூவராகன்.

"செத்தவன் நின்னா எவன்டா நம்புவான்? படு."

பூவராகன் நடைபாதையில் படுத்தான். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினார்கள். வழியில் போன ஒரு அம்மாள் உச்சுக்கொட்டி மாலை வாங்கிப் போட்டாள். பெண் பார்க்க வெறுங்கழுத்தோடு போகிறோமே என்று காலையிலிருந்து அவனுக்கு ஒரு குறை இருந்தது. அது தீர்ந்தது.

தேசிங்கு வந்தார். "ஐயையோ! எப்படிய்யா ஆச்சு?"

"நல்லபடியா ஆச்சுங்க. எல்லாம் நீங்க சொன்னபடிதான்" என்றார் சித்தப்பா.

தேசிங்கு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பூவராகனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தான்.

"அழாதீங்க மாமா. பொண்ணு வீட்டுக்குப் போலாமா?"

தேசிங்கு துள்ளி விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. "அடப் பாவிகளா! இந்த ஜென்மத்துல உனக்கு எங்க பொண்ணு கிடையாது!" என்று விடுவிடுவென நடந்தார்.

பூவராகனுக்கு நிஜமாகவே உயிர் போனதுபோல் இருந்தது. "எல்லாம் முடிஞ்சுதா, மச்சான்?"

"என்ன முடிஞ்சுது? இந்த ஜென்மத்துலதானே கிடையாதுன்னாரு. நீதான் செத்து அரைமணி ஆச்சே!"

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "அடுத்ததுல உண்டுன்னு அர்த்தம். சட்டுனு பொறந்துடுறா!"

சற்று நேரத்தில், மீசை வைத்த ஒரு குழந்தையைத் துண்டில் சுற்றி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தேசிங்குவின் பின்னால் ஓடுவதை எழும்பூரே நின்று பார்த்தது. குழந்தை நேரம் தவறாமல் "குவா, குவா" என்றது.

"சம்பந்தி, நில்லுங்க! ஆம்பளப் புள்ள!" என்று மூச்சிரைக்கக் கத்தினார் சித்தப்பா. "பொண்ணைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க, பல்லு முளைக்கட்டும்!"