பின்னால் நடந்து வந்த பசி

விலங்குகளுக்கு இன்னும் பேசும் வாய் அடைபடாத அந்தக் காலத்தில், பசி வயிற்றுக்குள் குடியிருக்கவில்லை. வெளியே இருந்தது. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பசி, தனக்கென்று கால் வைத்துக்கொண்டு, கூடவே நடந்து திரிந்தது. நேரம் வந்தால் உள்ளே போகும். உண்டு முடித்ததும் வெளியே வந்துவிடும்.

மாட்டின் பசி மாட்டை உரசிக்கொண்டே நடந்தது. அதனால் மாடு நாள் முழுக்க மேய்ந்தது. பாம்பின் பசி பாம்பைவிடச் சோம்பேறி. அது வந்து சேர மாதம் ஒன்று ஆகும். நாயின் பசி நாய்க்குப் பின்னால் நடந்தது. நாய் அப்போதெல்லாம் ஊரை விட்டு வெகுதூரம் போனதில்லை என்பதால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மனிதனின் பசி மட்டும் அவனுக்கு முன்னால் நடந்தது. எப்போதும் கண்ணுக்கு நேராக அதுவே நின்று மறைத்ததால், மற்ற உயிர்களின் பசி எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. தன்னுடையதைக்கூட அவன் வயிற்றுக்குள் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பனங்காட்டு ஓரத்தில் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. அதில் ஒரு வீட்டில் காடையன் என்ற வேட்டைக்காரன் இருந்தான். அவனிடம் புகையன் என்று ஒரு நாய். புகை நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட கால். அது பிறந்த மூன்றாம் நாள் அதன் தாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. காடையனின் மனைவி செம்பிதான் கம்பங்களியைத் தன் வாயில் மென்று மென்று ஊட்டி அதை உயிர்ப்பித்தாள். அதனால் புகையன் அவளை மதினி என்றும் காடையனை அண்ணே என்றும் கூப்பிட்டது.

இரண்டு வருடம் மழை இல்லை. முயல் போயிற்று. காடை, கவுதாரி போயின. மேற்கே மலையடிவாரத்தில் மான்கள் ஒதுங்கியிருப்பதாகப் பேச்சு வந்தது. ஏழு நாள் நடை. அந்த வழியில் யாரும் போனதில்லை. காடையன் கிளம்பினான். செம்பியின் தம்பி முள்ளனும் கூட வந்தான். பன்னிரண்டு வீட்டாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது காடையனை அல்ல, புகையனை. அதன் மூக்கும் காலும் இல்லாமல் மானும் இல்லை, திரும்பி வர வழியும் இல்லை.

செம்பி கம்பு உருண்டைகளையும் உப்புக்கண்டத்தையும் கட்டிக்கொடுத்தாள்.

"அவனைப் பட்டினி போட்டுடாதீங்க. என் வாயால மென்னு வளர்த்த பிள்ளை" என்றாள்.

"நீ மென்னு வளர்த்ததாலதான் இவ்வளவு பேசுது" என்றான் முள்ளன்.

"மாமாவுக்கு மட்டும் யாரும் மெல்லாமலே பேச்சு வருதே" என்றது புகையன்.

முதல் நாள் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. நடந்தார்கள், இருந்தார்கள், உண்டார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு பாறை ஓரமாக நின்று புகையன் ஒன்றுக்குப் போனது. கழுதை வடிவில் தனியாக நின்ற பாறை அது. அங்கிருந்து நிமிர்ந்தபோதுதான் ஒற்றை மானின் வாடை அதற்குக் கிடைத்தது. ஓடியது. அந்த நாள்வரை எந்த நாயும் அப்படி ஓடியதில்லை. முள்ளன் பார்த்தபோது பொட்டலின் நடுவில் ஒரு தூசிக்கோடுதான் இருந்தது. உச்சிவேளைக்கு இருவரும் புகையனை எட்டிப் பிடித்தபோது, மான் முட்காட்டுக்குள் போய் மறைந்திருந்தது. புகையன் நாக்கு ஒருபக்கம் தொங்க, விலா கொல்லன் துருத்திபோல ஏறி இறங்க, நின்றுகொண்டிருந்தது.

காடையன் அவசரமாக மூட்டையைப் பிரித்தான். இரண்டு உருண்டையை நீரில் பிசைந்து, கண்டத்தைக் கிழித்துப் போட்டு நீட்டினான்.

"வேண்டாம்ணே."

"என்னடா வேண்டாம்? காலையிலேருந்து ஓடியிருக்கே."

புகையன் திரும்பி, வந்த வழியைப் பார்த்தது. வெறும் பொட்டல்.

"இன்னும் வரலைண்ணே" என்றது.

யார் வரவில்லை என்று காடையன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செம்பி சொன்னது அவன் காதில் இருந்தது. நாயை மடியில் சாய்த்து, தாடையைப் பிளந்து, ஒரு கவளத்தை உள்ளே தள்ளினான். இரைப்பு அடங்காத தொண்டை அது. இருந்தாலும் அண்ணன் கை என்பதால் புகையன் விழுங்கியது. அவன் இன்னொன்று தள்ளினான். எல்லாவற்றையும் தள்ளினான்.

"எனக்கு ஒருநாளாவது இப்படி ஊட்டியிருக்கியா மச்சான்?" என்றான் முள்ளன். "எங்க அக்கா வீட்டுக்கு நான் நாயா வந்திருக்கணும்."

சற்று நேரம் கழித்துப் புகையன் காதை நிமிர்த்தியது. பொட்டலில் எதையோ பார்த்தது. எழுந்திருக்க முயன்று, முடியாமல், மெல்ல முனகியது. பிறகு காதுகள் தாழ்ந்தன. மனிதர் இருவருக்கும் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

தின்றதெல்லாம் மாலைக்குள் வெளியே வந்துவிட்டது. மூன்றாம் நாள் அது எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முள்ளன் ஒரு காடையைக் கண்ணி வைத்துப் பிடித்து, சுட்டு, ஈரலை எடுத்து மூக்கருகே காட்டினான். புகையன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்காம் நாள் முள்ளடர்ந்த ஓர் உடைமரத்து நிழலில் படுத்தது, எழவில்லை. கழுத்து அவ்வளவு மெலிந்திருந்தது. அதில் கிடந்த பனைநார்க் கயிறு தலைவழியே தானாகக் கழன்று விழுந்தது.

காடையன் அந்தக் கயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, என் பசி வந்துச்சு" என்றது புகையன். "அன்னைக்கு உச்சியில வந்துச்சு. நான் ஓடின ஓட்டத்துக்கு அதால கூட ஓடிவர முடியலை. குட்டிக் காலு. நடந்து நடந்து வந்துச்சு. வந்து பார்த்தா உள்ளே இடமில்லை. சோறு உட்கார்ந்திருக்கு. என்னை ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

"எங்கே போச்சு?"

"மதினிகிட்டதான் போகும். அது வேற யாரைக் கண்டுச்சு?"

முள்ளன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "பசியை எதுல கட்டித் தூக்கிட்டு வருவே மச்சான்? பொட்டணமாவா?"

காடையன் பனைநார்க் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். "நாக்கு காயாம தண்ணி விட்டுக்கிட்டே இரு மாப்பிள்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே ஓடினான்.

அவன் முதுகில் கம்பு உருண்டைகள் இருந்தன. உண்ணவில்லை. உண்ண மனம் வரவில்லை. அவன் பசி வழக்கம்போல முன்னால் நடந்தது, முதுகு மூட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, கெஞ்சியது. அவன் அதைக் கவனிக்காமல் ஓடினான். மறுநாள் உச்சியில் அவன் பசி களைத்துப்போய் அவனுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. மனிதன் பசி அப்படிப் பின்னால் விழுந்தது அதுவே முதல்முறை.

அப்போதுதான் அவன் கண் முன்னால் முதன்முதலாக ஒன்றும் இல்லாமல் போயிற்று. பார்வை திறந்துகொண்டது.

பொட்டல் முழுக்கக் கானல் ஆடியது. கானலுக்குள் கானலைவிட மெல்லியதாகப் பலவும் நடந்துகொண்டிருந்தன. வானத்தில் சுற்றிய பருந்துக்குக் கீழே, அதன் பசி இன்னொரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஓணானின் பசி ஒரு கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்து தலையாட்டியது. தூரத்தில் ஒரு வறண்ட ஓடையில் எத்தனையோ பசிகள், தங்களுக்குரிய விலங்குகளைத் தொலைத்தவை, வரிசையாக மேற்கே போய்க்கொண்டிருந்தன. எதற்கும் நிழல் இல்லை. எதுவும் சத்தமிடவில்லை. தான் இத்தனை நாள் இவற்றின் நடுவிலா வேட்டையாடினோம் என்று நினைத்தான் காடையன். கையிலிருந்த அம்பைக் கீழே வைத்தான்.

கழுதைப் பாறை எதிரே நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி ஒரு குட்டி நடந்துகொண்டிருந்தது.

உள்ளங்கை அளவு. புகை நிறம். கண் திறந்து மூன்று நாள்கூட ஆகியிருக்காது என்று தோன்றும் முகம். புகையன் குட்டியாகச் செம்பியின் மடியில் எப்படிக் கிடந்ததோ அப்படியே இருந்தது. நாய் வளர்ந்துவிட்டது, அதன் பசி வளரவே இல்லை.

காடையன் மண்ணில் உட்கார்ந்தான். எந்த மிருகத்தின் முன்னும் உட்கார்ந்தவனல்ல அவன்.

"இங்கே என்ன பண்றே?" என்று கேட்டான்.

"வீட்டுக்கு வழி தெரியலை" என்றது பசி. "இந்தக் கல்லுல மட்டும்தான் அவன் வாடை இருக்கு. இதை விட்டுப் போனா நான் தொலைஞ்சுபோவேன்."

"என்கூட வா. அவன் சாகக் கிடக்கிறான்."

"நீதானே என்னை விரட்டினே. அந்தச் சோத்துல உன் கை வாடை இருந்துச்சு."

காடையன் தலை குனிந்தான். "பாசத்துல பண்ணினேன்."

"அவசரத்துல பண்ணினே" என்றது அது.

அவன் அதைத் தூக்கக் கை நீட்டினான். அது பதறி விலகியது. "தொடாதே. மனுசன் கை பட்டா நான் மனுசன் பசி ஆயிடுவேன். வழியில நீ சோறு தின்னாலும் அப்படித்தான், அந்த வாடைக்கு உன்மேல ஏறிக்குவேன். அவன் வாடை இருந்தா என் காலால நான் வர்றேன்."

காடையன் மணிக்கட்டைப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்தான். புகையனின் மூன்று வருடக் கழுத்து அழுக்கு ஏறிக் கறுத்த கயிறு. அதைத் தன் பின்னால் தரையில் படும்படி பிடித்துக்கொண்டு நடந்தான். வழியில் கண்ட ஒவ்வொரு கல்லிலும் அதைத் தேய்த்தான். சிறிது தூரம் போய், காது கொடுத்தான். மணலில் பூ விழுவதுபோலக் காலடி கேட்டது.

அன்று அவன் பட்ட பாட்டை என்ன சொல்ல? ஒரே மூச்சில் ஓடக்கூடியவன். அங்கே உடைமரத்தடியில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. இவன் ஓர் உள்ளங்கைக் குட்டியின் நடைக்கு நடக்க வேண்டும். அது நின்றால் நிற்க வேண்டும். ஒரு கல்லை அது மூன்றுமுறை முகர்ந்தால் மூன்றுமுறையும் காத்திருக்க வேண்டும். பகல் சாய்ந்ததும் அது ஒரு கல்லருகே சுருண்டுகொண்டது. அவனும் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டான். முதுகில் சோறு இருந்தது. தொடவில்லை. போன ஒருநாள் தூரத்தைத் திரும்பி வர மூன்று நாளானது.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் உடைமரம் தெரிந்தது. முள்ளன் நாயின் தலையை மடியில் வைத்து, துணியை நனைத்து நாக்கில் பிழிந்துகொண்டிருந்தான். காடையனைப் பார்த்து ஒரு வார்த்தையும் கேலி பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "மூச்சு இருக்கு."

காடையன் மூட்டையைப் பிரித்தான். உருண்டையை எடுத்தான். கை தானாக நாயின் வாய்ப்பக்கம் போயிற்று. பாதியில் நிறுத்தினான். அந்த உருண்டையை ஓர் இலையில் வைத்தான், இலையைத் தரையில் வைத்தான், நான்கடி பின்னால் நகர்ந்து, வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஊட்டு மச்சான்! எதுக்கு உட்கார்ந்திருக்கே?" என்று கத்தினான் முள்ளன்.

"இன்னும் வரலை" என்றான் காடையன்.

நிழலின் ஓரத்தில் பசி நின்றது. அவன் கைகளைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. புகையனின் இரைப்பு சிறிது சிறிதாக அடங்கியது. தொங்கிய நாக்கு உள்ளே போயிற்று. பிறகு அது தலையைத் தூக்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குட்டி நிழலுக்குள் காலெடுத்து வைத்தது, முள்ளனின் முழங்காலைத் தாண்டியது. ஏதோ குளிர்ந்தாற்போல் அவன் திடுக்கிட்டான். குட்டி அந்த ஒட்டிய வயிற்றில் மூக்கை வைத்தது. அதற்குமேல் காடையனுக்குத் தெரியவில்லை. அவனுடைய பசியும் வந்து சேர்ந்து, மறுபடி அவன் கண் முன்னால் நின்றுகொண்டது.

"அண்ணே" என்றது புகையன். "பசிக்குது."

தரையில் இருந்ததை அதுவாக எட்டித் தின்றது. கடைசிப் பருக்கைவரை தின்று இலையை நக்கியதைப் பார்த்த பிறகே காடையன் தனக்கொரு உருண்டையை எடுத்தான். ஒரு வாய் வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

ஐந்து நாள் அங்கேயே தங்கிப் புகையனைத் தேற்றினார்கள். பிறகு மலையடிவாரத்தில் அது மடக்கிய மூன்று மான்களின் கண்டம் பன்னிரண்டு வீட்டுக்கும் மழைவரை வந்தது. ஆனால் முள்ளன் ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லி வியந்தது மானைப் பற்றியல்ல. உடைமரத்தடியை விட்டுக் கிளம்பிய காலையில் புகையன் முதல் கல்லைக் கண்டதும் நின்றது. பின்காலைத் தூக்கியது. அடுத்த கல்லிலும் தூக்கியது. அதற்கடுத்த புதரிலும்.

"என்னடா இது, ஊர்க் கல்லுக்கெல்லாம் தண்ணி ஊத்துறே?" என்றான் முள்ளன்.

"சத்தம் போடாதீங்க மாமா. பின்னால ஒருத்தன் வர்றான். சின்னவன், வழி தெரியாது" என்றது புகையன்.

அந்தப் பயணத்திலிருந்துதான் நாய் புதுவழியில் ஒரு கல்லையும் சும்மா விடுவதில்லை. தூர வேட்டைக்குப் போகிறவன், நாயின் இரைப்பு அடங்கி அது ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கும்வரை அதற்குச் சோறு வைப்பதில்லை. அது உண்டு முடிக்கும்வரை தன் கவளத்தைத் தொடுவதும் இல்லை.