அருவியை மூட வந்த மாப்பிள்ளை

காக்கைக்குளத்தில் காக்கை உண்டு, குளம் கிடையாது. எந்தக் காலத்திலோ இருந்ததாம். வற்றிப்போன பிறகு ஊர்க்காரர்கள் அதன் பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஊர் நடுவில் ஒரே ஒரு குழாய். அதில் தண்ணீர் எப்போது வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. வந்துவிட்டால் வீட்டுக்கு ஒரு குடம், வரிசைப்படி. கடைசியாகக் குடம் வைத்தவர் குழாயை மூடிவிட்டுத்தான் அங்கிருந்து நகர வேண்டும். திறந்துபோட்டு வந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், அங்கிருந்து எடுக்கவும் மாட்டார்கள். கொலைக்குக்கூட அந்த ஊரில் மன்னிப்பு கிடைக்கலாம், இதற்குக் கிடைக்காது.

மற்றபடி காக்கைக்குளத்துக்காரர்கள் தங்கமானவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். வில்லங்கம் எல்லாம் அதில்தான்.

அந்த ஊர்க் கொம்பையாவுக்குப் பெண் அமையவில்லை. நல்ல உயரம், சொந்தமாக ஆட்டுக்கிடை, பீடி வெற்றிலை எதுவும் கிடையாது. ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பெண் வீட்டார் முகம் மாறிவிடும். தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண்ணைக் கொடுப்பதற்கு ஒரு பாழுங்கிணற்றிலேயே தள்ளிவிடலாம் என்று ஒரு பெரியம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். முன்தலை வழுக்கை விழத் தொடங்கியதிலிருந்து கொம்பையா கண்ணாடி பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

இந்த நேரத்தில்தான் செம்பாறை அருவிப் பூங்காவில் பஜ்ஜிக்கடை வைத்திருந்த திரிகூடத்தின் மகள் சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் குழல்வாய்மொழி. வீட்டில் மொழி என்று கூப்பிடுவார்கள். போட்டோவில் அவள் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்துத்தான் என்று கொம்பையா முடிவு செய்துகொண்டு, அந்தப் படத்தை ஆட்டுக்குட்டிகளுக்கெல்லாம் காட்டிவிட்டான்.

திரிகூடம் போனில் விவரமாகச் சொல்லியிருந்தார். சாரல் காலம், கடையை விட்டு நகர முடியாது, நீங்களே வந்துவிடுங்கள்; வந்ததும் அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, கூட்டம் குறைகிற நேரத்தில் கடைக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம். ஒரு லாரிக்கார மாப்பிள்ளை வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்கே முடிவாகிவிட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

மூன்று பேர் புறப்பட்டார்கள். கொம்பையா, அவனுடைய தாய்மாமன் வண்டிமலையான், கூட்டாளி தளவாய். கொம்பையாவின் அம்மா வரவில்லை. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தாலும் வரலாம் என்று குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். தட்டில் பூ, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு குடமும் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் குடமில்லாமல் போகிற வழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே இல்லை.

பூங்கா வாசலில் டிக்கெட்டைக் கிழித்த காவலாளி, நேராகப் போங்கள், அருவி வந்துவிடும் என்றார். பத்தடி போனதும் பாதை இடப்பக்கம் வளைந்தது. நேராகப் பார்த்தால் பச்சைப் பசேலென்று புல்தரை. அதில் ஒரு பலகை: புல்தரையில் நடக்காதீர்கள்.

மூவரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்கள். ஊரில் பெரிய மனிதர் என்று பெயரெடுத்த வண்டிமலையான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“நேரா போகச் சொன்னது ஆபீசர். நடக்கக் கூடாதுன்னு சொல்லுதது போர்டு. ரெண்டும் சர்க்கார் வாக்கு. ரெண்டையும் மீறக் கூடாது.”

“அப்ப ஓடிருவோம் மாமா. ஓடக் கூடாதுன்னு எங்கயும் போடலையே” என்றான் தளவாய்.

ஓடினார்கள். பாதிப் புல்தரையில் விசில் சத்தம் கேட்டது. காவலாளி தூரத்திலிருந்து ஓடாதே என்று கத்தினார். மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இனி நடக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்தப் பக்கம் பஜ்ஜிக்கடைப் புகை தெரிந்தது, கொம்பையாவின் எதிர்காலம் அங்கே எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் உருளுவது என்று முடிவாயிற்று. வேட்டியை இறுக்கிக்கொண்டு, குடத்தை வயிற்றோடு அணைத்தபடி மூவரும் உருண்டார்கள். பழத்தட்டைத் தளவாய் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே உருண்டான், அது ஒரு சாமர்த்தியம். அங்கப்பிரதட்சிணம் என்று நினைத்த இரண்டு குடும்பங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டன. ஒரு அம்மா, எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று விசாரித்தாள். பஜ்ஜிக்கடைக்காரருக்கு என்று கொம்பையா உண்மையைச் சொன்னான்.

புல்தரை முடிந்த இடத்தில் இன்னொரு பலகை. குரங்குகளிடம் உணவுப் பொருட்களைக் காட்டாதீர்கள். சுற்றிலும் மரத்துக்கு மரம் குரங்கு. பழத்தைத் துண்டால் மூடினார்கள், துண்டு போதவில்லை. குடத்துக்குள் போட்டார்கள், ஒரு குரங்கு வந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தது. குரங்கு பார்க்க முடியாத இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு என்று வண்டிமலையான் கண்டுபிடித்தார். சீப்பு முழுவதையும் மூவரும் வேகவேகமாக வயிற்றுக்குள் ஒளித்து வைத்தார்கள். ஒரு குரங்குக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு அருவியைப் பார்த்தார்கள்.

தளவாயின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாறை உச்சியிலிருந்து இவ்வளவு தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே ஜனங்கள் தலையைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள், ஒருவர் கையிலும் குடம் இல்லை. கூட்டத்துக்கு நடுவில் குடத்தோடு போகாதீர்கள், ஓரத்தில் சின்னதாக விழுகிறதே, அதில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று யாரோ கை காட்டினார்கள். அதன் முன்னால் தட்டைப்பாறை. அங்கே காக்கைக்குளத்து முறைப்படி வரிசை நின்றார்கள். முதலில் வண்டிமலையான், அடுத்து தளவாய், கடைசியில் கொம்பையா. ஆளுக்கொரு குடம் பிடித்தார்கள். குளியலும் அதிலேயே முடிந்துவிட்டது.

கொம்பையா குடத்தை எடுத்துத் தோளில் வைத்தான். ஒரு அடி எடுத்து வைத்தவன் அப்படியே நின்றான்.

“மாமா, கடைசி ஆளு நான்லா?”

மூவரும் அருவியைப் பார்த்தார்கள். அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. தளவாய் பாறையெல்லாம் தடவித் திருகு தேடினான். வண்டிமலையான் காவலாளியிடமே போய், இதை எங்கே மூடுவது என்று கேட்டார். அது மலையிலிருந்து வருகிறது பெரியவரே, அதை யாராலும் மூட முடியாது என்றார் காவலாளி.

வண்டிமலையான் ஆடிப்போய்த் திரும்பி வந்தார்.

“மூட முடியாதாம்ல. மூடத் தெரியாதவன் எவம்ல இதத் தொறந்தது?”

கொம்பையா குடத்தை மறுபடியும் தண்ணீருக்கு அடியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றான். விட்டுவிட்டு வா என்று மற்ற இருவரும் சொல்லவில்லை, சொல்ல மாட்டார்கள். குழாயைத் திறந்துபோட்டு வந்தவனுக்கு ஊரில் பெண் கிடையாது. இங்கேயே நின்றாலோ இந்தப் பெண் கிடையாது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குளிரில் அவன் பல் தந்தியடித்தது. மொழியின் முகத்தை மனதுக்குள் பார்த்து, மன்னித்துவிடு தாயே என்று சொல்லிக்கொண்டான். துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

விவரம் சொல்லத் தளவாயைப் பஜ்ஜிக்கடைக்கு அனுப்பினார்கள். தண்ணீரை மூடாமல் மாப்பிள்ளை வரமாட்டார் என்று அவன் சொன்னதைக் கேட்டுத் திரிகூடம் எண்ணெயில் கிடந்த பஜ்ஜியைத் திருப்பிப் போட மறந்துவிட்டார். வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த மொழிக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும், கடையிலிருந்த குடத்தை எடுத்துக்கொண்டு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தளவாயோடு புறப்பட்டுவிட்டாள்.

தட்டைப்பாறையில் உதடு நீலம் பாரித்து நின்றவனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். என்ன சங்கதி என்று கேட்டாள். கொம்பையா தலையை நிமிர்த்தாமலே எல்லாவற்றையும் சொன்னான். ஊர்க் குழாய், வரிசை, கடைசிக் குடம், எல்லாம். ஆடுகளைத் தவிர வேறு யாரிடமும் அவன் அவ்வளவு நேரம் பேசியதில்லை. மொழிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த அருவிச் சத்தத்தில்தான் அவள் தூங்குகிறாள். அதைப் பார்த்து வீணாகிறதே என்று பதறிய ஒருவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“ஒங்களுக்குப் பின்னால யாராச்சும் குடம் வச்சா நீங்க போகலாம்லா?”

“போகலாம்.”

அவன் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். கொம்பையாவுக்கு உயிர் வந்தது. நாலடி நடந்தான். திரும்பிப் பார்த்தான். இப்போது கடைசி ஆள் மொழி. கட்டிக்கொள்ளப் போகிறவள் தண்ணீரைத் திறந்துபோட்டு வந்தவள் என்று ஊர் சொன்னால் எப்படிப் பொறுப்பது? ஓடிவந்து அவளுக்குப் பின்னால் குடத்தை வைத்தான். மொழி இடுப்பில் கை வைத்து அவனைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். இந்தப் பெண் நம்ம ஊருக்குச் சரியாக வருவாள் என்று வண்டிமலையான் தளவாயின் காதில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் திரிகூடமே கரண்டியோடு வந்துவிட்டார். கல்லாவில் ஆளில்லை, எண்ணெய் காய்கிறது, மகள் ஒரு கிறுக்கனோடு அருவியில் இடம் மாறி மாறி விளையாடுகிறாள். லாரிக்காரருக்குச் சரியென்று சொல்லிவிடப் போவதாக உரக்கச் சொன்னார். கொம்பையா குடத்தைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

“யப்பா, சொட்டுத் தண்ணிய விட்டுட்டு வர மனசு வராத மனுசன். என்னைய விட்டுட்டுப் போவாரா?” என்றாள் மொழி.

திரிகூடம் கரண்டியைத் தாழ்த்தினார். சரி, இப்போது என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டார். கடைசியாக ஒருவர் நிற்க வேண்டும் என்றார் வண்டிமலையான். சரி, நானே நிற்கிறேன், எல்லோரும் போய்ப் பஜ்ஜி தின்னுங்கள் என்று திரிகூடம் கொம்பையாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

“பொண்ணைப் பெத்தவருக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டு நான் தாலி கட்டுததா? ஒங்களுக்குப் பின்னால எங்க மாமா நிக்கட்டும்” என்றான் கொம்பையா.

வண்டிமலையான் முதல் ஆளாயிற்றே என்று தளவாய் ஞாபகப்படுத்தினான். முதல் ஆளாகவே இருக்கட்டும், இருந்துகொண்டே பின்னாலும் நிற்கட்டும் என்றான் கொம்பையா. சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே புரிந்தது. மூளை வேலை செய்து பழக்கமில்லாததால் கொஞ்சம் தலை சுற்றியது.

தட்டைப்பாறையில் வட்டமாக நின்றார்கள். வண்டிமலையானுக்குப் பின்னால் தளவாய், தளவாய்க்குப் பின்னால் மொழி, மொழிக்குப் பின்னால் கொம்பையா, கொம்பையாவுக்குப் பின்னால் திரிகூடம், திரிகூடத்துக்குப் பின்னால் மறுபடியும் வண்டிமலையான். சுற்றிச் சுற்றி எண்ணினார்கள். எங்கே தொடங்கினாலும் கடைசி ஆள் என்று ஒருவரும் அகப்படவில்லை. யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. காக்கைக்குளத்துச் சரித்திரத்தில் இப்படி ஒரு அறிவாளி பிறந்ததில்லை என்று வண்டிமலையான் மருமகனைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். இடையில் சம்பந்தி நின்றதால் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார்.

நின்ற இடத்திலேயே நிச்சயம் முடிந்தது. வெற்றிலைத் தட்டு வட்டத்தில் கைமாறி ஒரு சுற்று வந்தது. பழம் எங்கே என்று திரிகூடம் கேட்டார், பத்திரமாக இருக்கிறது என்றார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

இனிக் கடைக்குப் போகலாம் என்று திரிகூடம் சொன்னார். வரிசை கலையாமல் போகலாம், முன்னால் நிற்பவர் முதலில் நடக்கட்டும் என்றார் வண்டிமலையான். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார். எல்லோரும் தத்தம் முன்னால் போகிறவரின் பின்னாலேயே நடந்தார்கள். பாறையை ஒரு சுற்றுச் சுற்றியபோது திரிகூடத்துக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் நல்ல காரியம் பேசி முடித்த கையோடு சம்பந்தியைக் கேள்வி கேட்பது மரியாதையாக இராது என்று அவரும் நடந்தார். கொம்பையாவுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கு முன்னால் மொழியின் ஈரச்சடை ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

இருட்டுகிற நேரத்தில் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தார். பூங்காவை அடைக்க வேண்டும், கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் கதவைப் பூட்ட வேண்டும் என்பது தனக்கு மேலிடத்து உத்தரவு என்றார்.

“இதுல யாருவே கடைசி ஆளு?”

திரிகூடம் நடையை நிறுத்தாமல் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார்.

“எங்க குடும்பத்துல கடைசி ஆளே கெடையாது அண்ணாச்சி.”

காவலாளி ஒருமுறை எண்ணிப் பார்த்தார். திருப்பியும் எண்ணிப் பார்த்தார். திரிகூடம் சொன்னது உண்மைதான். அதனால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் வரட்டும் என்று வாசலில் போய் நின்றுகொண்டார்.