பயிற்சிக்குப் போன துண்டு

ஒரு பல்கலைக்கழகத்தில், தேர்வுப் பிரிவில், ஒரு நாற்காலியின் முதுகில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு வாழ்ந்து வந்தது. வெள்ளைத் துண்டு, ஓரத்தில் பச்சைக் கரை. அதற்கு ஒரே ஒரு வேலைதான். ஆவுடையப்பன் இல்லாத நேரத்தில் அவர் இருப்பதாகக் காட்ட வேண்டும்.

ஆவுடையப்பன் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். பத்தேகாலுக்கு வருவார். துண்டை உதறி நாற்காலியில் போடுவார், டேபிள் ஃபேனைத் தட்டிவிடுவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் திறந்த கோப்பின்மேல் வைப்பார், கேன்டீனுக்குப் போய்விடுவார். அங்கே பஜ்ஜியும் சங்கத் தேர்தலும் அவருக்காகக் காத்திருக்கும். யாராவது வந்து அவரைக் கேட்டால் மொத்த அலுவலகமும் ஒரே குரலில் சொல்லும்: "சீட்டுல துண்டு கிடக்குல்லா? சார் இங்கதான் எங்கயோ நிக்காவ."

துண்டுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. "பதினோரு வருசமா சாரை விட நான்தான் சீட்டுல அதிக நேரம் இருக்கேன்" என்று பீற்றிக்கொள்ளும்.

"இருந்துட்டுப் போ. பதவி உயர்வு அவருக்குத்தான்" என்பது நாற்காலியின் பதில். பழைய தேக்கு. எத்தனையோ பேரைத் தாங்கிச் சலித்துப்போன கட்டை.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஊழியர்கள் மாணவர்களிடம் வள்ளென்று விழுகிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது. உடனே ஒரு சுற்றறிக்கை. கண்காணிப்பாளர்கள் அனைவரும் மூன்று நாள் பணித்திறன் மற்றும் பழகுதிறன் பயிற்சியில் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். ஏ.சி. அரங்கு, மதியம் பிரியாணி.

ஆவுடையப்பன் தவறாமல் போனார். முன்வரிசை நாற்காலி ஒன்றில் துண்டை விரித்து இடம் பிடித்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். திரும்பி வந்தது பிரியாணிக்குத்தான். மூன்று நாளும் இதே கதை.

பயிற்சி கொடுக்க வந்த ரெஜினா சென்னைக்காரர். வெறும் துண்டைப் பார்த்து, "இங்க யாருங்க?" என்று கேட்டார்.

"ஆவுடையப்பன் சார். இங்கதான் எங்கயோ நிக்காவ" என்றது வரிசை.

அவரும் தலையாட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். இரண்டாம் வரிசை தூங்கியது. மூன்றாம் வரிசை போனில் மூழ்கியது. ஆகமொத்தம் ஒரு வார்த்தை விடாமல் கேட்ட ஒரே ஜீவன் அந்தத் துண்டுதான்.

"எதிர்ல நிக்கிறவங்க பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க" என்றார் ரெஜினா. "அப்புறம் உங்களையே ரெண்டு கேள்வி கேளுங்க. இவங்களுக்கு இப்ப என்ன வேணும்? அது கிடைக்காம நடுவுல நிக்கிறது யாரு?"

துண்டின் நூலெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பதினோரு வருஷத்தில் அதனிடம் யாரும் இப்படி மதித்துப் பேசியதில்லை.

கடைசி நாள் ஒரு விளையாட்டு. பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். துண்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் அதே பிரிவின் இன்னொரு கண்காணிப்பாளர் சண்முகவடிவு. துண்டை மேலும் கீழும் பார்த்தார். "மூணு நாளா சார் ஒரு சுடுசொல் சொல்லல. யாரையும் மறிச்சுப் பேசல" என்றார். கைதட்டல் அரங்கைப் பிளந்தது. 'சிறந்த செவிமடுப்பாளர்' விருது ஆவுடையப்பனுக்கே. அவர் ஓடிவந்து, பிரியாணிக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, அதே கையால் விருதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விருது சுவரில் ஏறியது. துண்டு மறுபடி நாற்காலியில் ஏறியது. ஆவுடையப்பன் கேன்டீனில் ஏறினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஜெபக்கனி என்ற பெண் வந்து நின்றாள். ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அவள் பட்டம் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகம் ஒரு காகிதம் தர வேண்டும். காகிதம் தயார். சீலும் குத்தியாகிவிட்டது. ஆவுடையப்பனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்காக இது நாலாவது நடை.

"மேடம், நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கோயம்புத்தூர்ல குடுக்கணும்" என்றாள் சண்முகவடிவிடம். "இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. நாலு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வேற வழியில்ல. நீங்களாவது போட்டுத் தாங்களேன்."

"ஆள் சீட்டுல இல்லன்னா பொறுப்பு எனக்குத்தான், கண்ண மூடிட்டுப் போட்டுருவேன்" என்றார் சண்முகவடிவு. அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "ஆனா துண்டு கிடக்கே, பாத்தியா? ஆள் இருக்கையில நான் கைய வச்சா, என் அதிகாரத்துல தலையிட்டாள்னு சங்கத்தக் கூட்டிருவாவ. சித்த பொறு தாயி, வந்துருவாவ."

ஜெபக்கனி போனில் மணியைப் பார்த்தாள். கண் கலங்கியதை யாருக்கும் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே 'சிறந்த செவிமடுப்பாளர்' அவளைப் பார்த்து மினுங்கியது.

துண்டு அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு பாடத்தை நினைத்துப் பார்த்தது. இவளுக்கு என்ன வேண்டும்? கையெழுத்து. நடுவில் நிற்பது யார்? யோசிக்க யோசிக்க அதற்குக் குளிர் எடுத்தது.

"நாந்தாம்ல நடுவுல நிக்கேன்!" என்றது நாற்காலியிடம்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றது நாற்காலி.

"நான் கீழ விழுந்துரப் போறேன்."

மேசைமேல் கிடந்த மூக்குக் கண்ணாடி பதறியது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஃபேன் சுத்தணும், நான் முறைக்கணும், நீ கிடக்கணும். நம்ம பொழப்பே அதுதான். நீ போனா எங்களையும் சந்தேகப்படுவாங்க!"

"விழுந்தா தரை துடைக்கப் போட்டுருவாவ" என்றது நாற்காலி. "நல்லா யோசிச்சுக்கோ. ஈரத்துலயே கிடந்து சாகணும்."

துண்டுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடே கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, பொத்தென்று தரையில் விழுந்தது.

அங்கேதான் வந்தது வினை. ஜெபக்கனி நல்ல வளர்ப்பு. "ஐயோ, சாரோட துண்டு" என்று ஓடிவந்து எடுத்தாள். தூசி தட்டினாள். அழகாக நீவி, பச்சைக் கரை வெளியே தெரியும்படி நாற்காலியில் போட்டாள். முன்பைவிட இப்போது ஆவுடையப்பன் இன்னும் நன்றாகவே சீட்டில் இருந்தார்.

"அடி பாவி மவளே!" என்று அலறியது துண்டு. "உன் குழிய நீயே வெட்டுதியே!" அவளுக்கு அது கேட்கவில்லை.

மணி மூன்று நாற்பது. துண்டு ஃபேனைப் பார்த்துக் கெஞ்சியது. "அண்ணாச்சி, பதினோரு வருசமா வெறும் நாற்காலிக்கே காத்து வீசிட்டு இருக்கீரு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒரு மனுசிக்காக வீசுமே."

ஃபேன் கொஞ்ச நேரம் கடகடவென்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. அதன் கழுத்து எப்போதுமே கொஞ்சம் ஆட்டம். நாற்காலிக்கு நேராக வந்ததும் நின்றது. ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவியது. துண்டு எழும்பி, கோப்புகளைத் தாண்டி, சன்னல் கம்பிக்குள் புகுந்து, வெளியே சைக்கிள் ஷெட்டின் கூரையில் போய் விழுந்தது.

சண்முகவடிவு நிமிர்ந்தார். நாற்காலி அம்மணமாக நின்றது.

"துண்டக் காணுமே!" என்றார். முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "அப்ப ஆள் இல்லன்னுதானே அர்த்தம்? கொண்டா பிள்ள காயிதத்த."

கையெழுத்துப் போட மூன்று விநாடி ஆனது. ஜெபக்கனி காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிகளில் ஓடினாள். சைக்கிள் ஷெட்டைத் தாண்டும்போது மேலே பார்க்கவே இல்லை. அவள் ஓடுவதைக் கூரையிலிருந்து பார்த்த துண்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாசலில் நாலு மணி பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அது காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது.

நாலரைக்கு ஆவுடையப்பன் வந்தார். வெறும் நாற்காலியைப் பார்த்து வீட்டில் திருடன் புகுந்தவர் போலக் கத்தினார். "நான் இல்லாத நேரத்துல என் துண்ட எவன்டே எடுத்தது?" நான் இல்லாத நேரத்தில் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு உறைக்கவில்லை. அவர் விருது வாங்கியவர் ஆயிற்றே.

நாற்காலி சொன்னது பலித்தது. மூன்றாம் நாள் துப்புரவுப் பணியாளர் கூரையிலிருந்து துண்டை இழுத்து, வாளியில் முக்கி, தேர்வுப் பிரிவின் தரையைத் துடைக்கத் தொடங்கினார். ஈரம்தான், அழுக்குதான். ஆனாலும் அது போன இடமெல்லாம் தரை பளிச்சென்று ஆனது. துண்டுக்கு அது பிடித்திருந்தது.

ஆவுடையப்பனின் நாற்காலியில் புதுத் துண்டு ஒன்று வந்திருந்தது. நீலக் கரை. இந்த முறை அவர் சும்மா போடவில்லை. நாலு மூலையிலும் ஊக்குக் குத்தி வைத்திருந்தார்.

புதுத் துண்டு வலியில் நெளிந்தபடி கீழே பார்த்துக் கேட்டது: "அண்ணாச்சி, நான் வந்தே ஒரு நாள்தான் ஆகுது. ஒரு தப்பும் செய்யலியே, என்னை ஏன் இப்படிக் குத்தி வச்சிருக்காவ?"

பழைய துண்டு நாற்காலிக் காலைச் சுற்றித் துடைத்துக்கொண்டே சொன்னது: "உனக்கு முன்னாடி இருந்தவன் பயிற்சியில கேட்டத ஆபீசுல செஞ்சுட்டான்."