பாகற்கொடிக்குப் போன வலை

“அம்மா, அந்தச் சிவப்பு மீன் என் கண்ணுக்கு மட்டும் ஏன் தட்டுப்பட மாட்டேங்குது?”

கேட்டவர் கூத்தபிரான். ஆற்று மடுவை ஒட்டிய மடத்தில் சீடர். குரு செண்பகத்தம்மையைவிட வயதில் மூத்தவர். பிடிவாதத்திலும்தான்.

அந்த ஆற்றின் மீன்களையெல்லாம் வகை பிரித்துப் படம் வரைவது அவருடைய ஆசை. எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மடுவில் கெண்டை இரண்டு வகை என்று ஊரே சொன்னது. ஒன்று சாம்பல். மற்றது, கன்னமும் வயிறும் குங்குமச் சிவப்பு.

கூத்தபிரானுக்கு அகப்பட்டதெல்லாம் சாம்பல்.

“எப்படிப் பாக்கீங்க?” என்றார் அம்மை.

“வலை வீசிப் பிடிப்பேன். உள்ளங்கையில வச்சு மீசையைப் பாப்பேன். வாலடியில கறுப்புப் பொட்டு இருக்கான்னு பாப்பேன். செதிலை எண்ணுவேன். அப்புறம் விட்டுருவேன். இன்னைக்குக் காலையில ஒண்ணு, வால் கிழிஞ்சது. அதுவும் சாம்பல்.”

“நான் தினமும் சிவப்பைப் பாக்கேனே.”

“அதான் எனக்கு வயிறெரியுது!” என்றார் கூத்தபிரான். “மழை இறங்கிட்டா மடு கலங்கிரும் அம்மா. இந்த வருஷமும் போச்சு.”

“வலையைக் குடுங்க.”

கொடுத்தார். அம்மையே வீசிப் பிடித்துத் தரப்போகிறார் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

அம்மை வலையைக் கொல்லைக்குக் கொண்டுபோனார். நாலு கம்புகளில் இழுத்துக் கட்டினார். தரையில் கிடந்த பாகற்கொடியைத் தூக்கி அதன்மேல் படரவிட்டார்.

கூத்தபிரானுக்குக் கோபம் தலைக்கேறியது. குருவைத் திட்ட முடியாது. விறுவிறுவென்று மடுவுக்குப் போய், பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டார்.

செய்ய ஒரு வேலையும் இல்லை.

கால் அசையவில்லை. கோபம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துவிட்டது.

ஒரு கெண்டை வந்து அவர் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்தது. சாம்பல். வால் கிழிந்திருந்தது.

‘நீதானா?’ என்று நினைத்துக்கொண்டார். பிடிக்க வலை இல்லை. சும்மா இருந்தார்.

மீன் குதிகாலைச் சுற்றியது. இன்னும் நாலைந்து வந்தன. வால் கிழிந்ததன் கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு ஏறியது. பிறகு வயிற்றில். வெற்றிலை போட்ட வாய் மாதிரி மெல்ல மெல்லச் சிவந்து, கடைசியில் முழுக்கக் குங்குமம். அதைச் சுற்றி நின்றவையும் அப்படியே.

“அம்மா!” கூத்தபிரான் துள்ளி எழுந்தார். “சிவப்பு! சிவப்பு! ஓடி வாங்க!”

அம்மை சேலையில் கை துடைத்தபடி ஓடி வந்தார்.

“எங்கே?”

கூத்தபிரான் தண்ணீரைக் காட்டினார். மடு முழுக்கச் சாம்பல். பாறையிடுக்கில் பயந்து ஒண்டிக்கொண்டிருந்தது வால் கிழிந்தது. அதுவும் சாம்பல்.

கூத்தபிரான் மீனைப் பார்த்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு சத்தமில்லாமல் உட்கார்ந்தார். அம்மைக்குப் பாறையில் இடம் விட்டார்.

அம்மையும் காலைத் தண்ணீரில் விட்டார்.

“இப்பச் சொல்லுங்க கூத்தபிரான். இந்த மடுவுல கெண்டை எத்தனை வகை?”

“உஸ்ஸ்,” என்றார் சீடர்.