தண்ணித் தொட்டிப் பக்கம்

ஜெசிந்தா கோச்சிடம் ஏதாவது கேட்பதென்றால் எல்லோரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கேட்பார்கள். பதில் வாயால் வராது. வேலையாக வந்து தலையில் விழும். மூச்சு வாங்காமல் ஓடுவது எப்படி என்று கேட்ட ஒரு பெண், மறுநாள் முழுக்கச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கோடு போட்டாள். அதற்கப்புறம் அந்த மைதானத்தில் கேள்விகள் ரொம்பவே குறைந்துபோயின.

ஆனால் சிங்கராயனுக்குக் கேட்காமல் தீராது என்றாகிவிட்டது.

சிங்கராயன் திண்டுக்கல்லில் வயர்மேன். ஒரு காலத்தில் மின்வாரியக் கால்பந்து டீமில் முன்வரிசையில் ஆடியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து விழுந்து முழங்கால் போனது. புகார் எழுதும் மேஜையில் உட்கார வைத்தார்கள். வீட்டில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரை, அவரைவிடப் பத்து வயது சின்னவரான ஜெசிந்தா வந்து கூப்பிட்டார். "சும்மாதானண்ணே இருக்கீங்க. வந்து மைதானத்துல கோன் அடுக்கிக் குடுங்க."

கோன் அடுக்க வந்தவர் இன்று பன்னிரண்டு வயதுப் பெண்கள் டீமுக்கு கோச். எனக்கு மறுபடியும் கால் கொடுத்தது டாக்டர் இல்லை, இந்தப் பிள்ளைகள்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும். அந்த நன்றியில் அவர் தனக்குத் தெரிந்த எதையும் மிச்சம் வைக்கவில்லை. கம்பத்தின் உச்சியிலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை அது. மைதானத்து ஓரம் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு நிமிஷம்கூட வாய் மூட மாட்டார். இடது காலு, இடது காலு! நிமிரு! இப்ப அடி! பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் வாத்தியார்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் எடுத்தார்கள்.

நான்கு மேட்ச் ஆடியாயிற்று. பிள்ளைகள் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி மேட்ச்.

சனிக்கிழமை காலை பிராக்டிஸ் தொடங்கும் முன்னால் அவர் ஜெசிந்தாவிடம் போய் நின்றார்.

"கோச், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"கோல் அடிக்க எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?"

"இதுவரைக்கும் எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"என்னத்த விட்டேன்? செல்போன்ல வீடியோ பாத்துப் பாத்துச் சொல்லிட்டேன். பாதத்தோட உள்பக்கம், வெளிப்பக்கம், வளைச்சு அடிக்கிறது, தரையோட அடிக்கிறது, எல்லாம். பிள்ளைக நல்லாத்தான் ஓடுறாக. பாஸ் குடுக்கிறாக. கோல் முன்னால போனதும் என்னமோ ஆயிருது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கும் கோல் விழலைன்னா நான் வெலகிக்கிறேன் கோச். தெரிஞ்சவங்க யாராவது வரட்டும். என்னால பிள்ளைக கெட வேணாம்."

சொல்லிவிட்டாரே தவிர, விலகினால் மறுபடியும் அந்தச் சுவர்தான் என்பது அவருக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்கும் தெரியும்.

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு ஜோடி கிளவுஸை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்கு நீங்கதான் கோல்கீப்பர்."

"எனக்கு முழங்காலு..."

"பாயச் சொல்லல. நின்னா போதும். வாயத் தொறக்கக் கூடாது. அம்புட்டுதான்."

கிளவுஸ் பன்னிரண்டு வயதுக் கைக்குத் தைத்தது. அவருக்குப் பாதிக் கைதான் நுழைந்தது. கோல் கம்பங்களுக்கு நடுவில் அவர் போய் நின்ற கோலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். ஜெசிந்தா விசில் ஊதினார். ஒவ்வொருத்தியாக நடு மைதானத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்து கோல் அடிக்க வேண்டும்.

முதல் பெண் வந்தாள். நல்ல வேகம். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடிக்கக் காலைத் தூக்கும்போது தலையை வெடுக்கென்று பக்கவாட்டில் திருப்பினாள். பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

நாய் ஏதாவது உள்ளே வந்துவிட்டதோ என்று சிங்கராயன் நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது பெண்ணும் அடிக்கிற நேரத்தில் தலையைத் திருப்பினாள். பந்து நேராக அவர் வயிற்றுக்கு வந்தது. மூன்றாவது பெண்ணும் அப்படியே. எவளுடைய அம்மாவாவது டிபன் டப்பாவோடு வந்து நிற்கிறாளோ? ஐந்தாவதாக வந்தவள் கனிஷ்கா. டீமிலேயே நல்ல கால் அவளுக்குத்தான். அவளும் திரும்பினாள். அவள் அடித்த பந்து பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டியது.

சிங்கராயன் கோல் வாசலை விட்டு இரண்டடி முன்னால் வந்து, அவர்கள் பார்த்த பக்கம் பார்த்தார்.

தண்ணித் தொட்டி இருந்தது. ஆள் யாரும் இல்லை.

வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கு மறந்துபோனது.

"பாப்பா, இங்க வா. அங்க யாரு இருக்கா?"

கனிஷ்கா திரும்பிப் பார்த்தாள். "யாருமில்ல சார்."

"அப்புறம் எதுக்கு அங்க பாத்த?"

"எப்ப அடிக்கணும்னு நீங்க சொல்லுவீங்கல்ல சார்."

"நான் இங்கதான நிக்கிறேன்."

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமால்ல!"

"நான் திட்டுவேன்னு பயமா கண்ணு?"

"இல்ல சார்." அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நீங்க சொன்னாத்தான சார் கரெக்டா இருக்கும்."

பயம் என்று சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்தப் பிள்ளை அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னது அவரை அடித்துப் போட்டுவிட்டது. கிளவுஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனார்.

"நாலு மேட்சா நான்தான் அவங்க கோலை மறைச்சுக்கிட்டு நின்னிருக்கேன். நாளைக்கு வரலைங்க கோச். எனக்கு நல்லது செஞ்ச பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் செஞ்சிருக்கேன்."

"வராம எப்படிண்ணே? ரெண்டு கிலோ ஆரஞ்சு சொல்லியிருக்கேன். யாரு உரிக்கிறது?"

"ஆரஞ்சா?"

"இடைவேளைக்குப் பிள்ளைகளுக்கு. சாமியானாவுக்குப் பின்னாடி பெஞ்சு கெடக்கும். மைதானத்துக்கு முதுகு காட்டி உக்காந்து உரிங்க. சொளை பிஞ்சிரக் கூடாது."

மறுநாள் சிங்கராயன் ஆரஞ்சு உரித்தார். மின்வாரியத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த காலத்தில் அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் அவருக்கு வாய்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் பந்து உதைபடுகிற சத்தம். கனிஷ்கா, விடு விடு என்று எவளோ கத்துகிற சத்தம். இடது காலு என்ற வார்த்தை அவர் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரு சுளையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இடைவேளையில் பிள்ளைகள் வந்தபோது தட்டில் கால்வாசி காலி.

இடைவேளைவரை பிள்ளைகளுக்குக் கோல் இல்லை. எதிர் டீம் ஒன்று போட்டிருந்தது.

பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன செய்ய வேண்டும் என்று சார் சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் தட்டை நீட்டினார். "சாப்புடுங்கம்மா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கையில் சுளையை வைத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்தார்கள். நீ இந்தப் பக்கம் வா, நான் அந்தப் பக்கம் போறேன். அவங்க கீப்பர் மெதுவாத்தான் திரும்புறா, பாத்தியா? பேசிக்கொண்டே மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

அவர் மீதி ஆரஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். மைதானம் திடீரென்று அடங்கியது. யாரும் கத்தவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அடுத்த நொடி எழுந்த கூச்சலில் அவர் கையிலிருந்த ஆரஞ்சு மண்ணில் உருண்டது. எழுந்து, சாமியானாவைச் சுற்றிக்கொண்டு அந்தக் காலோடு அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பந்து வலைக்குள் கிடந்தது. கனிஷ்காவின் மேல் மொத்த டீமும் விழுந்து கிடந்தது.

கடைசி விசிலோடு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கனிஷ்கா நேராக அவரிடம் ஓடிவந்தாள்.

"பாத்தீங்களா சார்?"

பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "இல்லம்மா. எப்படிப் போச்சுன்னு நீ சொல்லு."

அவள் முகம் வாடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோலுக்கு எதிரே போய் நிறுத்தினாள்.

"இங்கதான் சார் பந்து வந்துச்சு. கீப்பர் அந்தப் பக்கமா நகந்துட்டா. இந்தக் கம்பத்துக்கிட்ட இம்புட்டு எடம் இருந்துச்சு. பாத்தேன் சார். தட்டி விட்டுட்டேன்."

"எந்தக் காலு?"

அவள் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "தெரியல சார்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. பதினாறு மாதமாக அந்தப் பிள்ளையோடு பழகியிருந்தும், அவள் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டது அன்றுதான்.

பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறிய பிறகு ஜெசிந்தா கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சிங்கராயன் குனிந்து கூடமாட அடுக்கினார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல கோச். அன்னைக்கு வீட்டுல வந்து கூப்பிட்டதுக்கே இன்னும் சொல்லி முடிக்கல. இப்ப இது வேற."

"செவ்வாக்கிழமை பிராக்டிஸ். ஆறு மணிக்கு வந்துருங்க."

"வந்துருவேன் கோச். அஞ்சரைக்கே வந்துருவேன்."

கடைசி கோனை அடுக்கினார். மனசில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"இருந்தாலும் கோச், இத்தனை மாசமா அந்த ஒரு கோலுக்காகத்தான் காத்துக் கெடந்தேன். அதை நான் பாக்கலையே."

ஜெசிந்தா கோன் அடுக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அவ பாத்தாளேண்ணே."