ஆறுக்குட்டியின் வலது கால்

ஆறுக்குட்டி பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் சூலூர்ப் பக்கம் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது வழியில் கார் பந்தயம் நடப்பதைப் பார்த்தார். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. விளக்கு பச்சையானதும் நேர்கோட்டில் பறந்தன. என்ன ஏதென்று பார்ப்பதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. அவர் விசேஷத்துக்குப் போகவில்லை.

ஜெயித்த காரிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஒரு பெண் இறங்கினார். பெயர் மேகலா. ஆறுக்குட்டியின் கடைசி மகளைவிட இளையவர். ஆறுக்குட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"எனக்கு இதைச் சொல்லிக் குடுங்க அம்மணி."

"எதுக்குங்கண்ணா?"

"தெரியலைங்க."

மேகலா அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"திங்கக்கிழமை என் பட்டறைக்கு வாங்க."

அன்றிலிருந்து ஆறுக்குட்டி பட்டறையிலேயே கிடந்தார். கார்பரேட்டரைக் கழுவினார். டயர் மாற்றினார். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது மேகலா அவரைக் கூப்பிட்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம பழைய வண்டியை நீங்க ஓட்டுங்க."

ஆறுக்குட்டி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஆனா அதுக்கு முன்னாடி அதுல ஒண்ணு பூட்டணும். நீங்களே பூட்டி, நீங்களே ஓட்டிக் காமிக்கணும். சரியா வரலைன்னா சாவி கிடையாது."

அன்றைக்கே ஆறுக்குட்டி தான் வேலை பார்த்த பஸ் டிப்போவுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பாதி டிப்போ பந்தயம் பார்க்க வருவதாகச் சொன்னது.

மறுநாள் மேகலா கைக்கு அடக்கமான ஒரு வால்வை அவரிடம் கொடுத்தார். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கூடவே ஒரு சிவப்புப் பட்டன்.

"இதுக்குப் பேரு லைன் லாக். பிரேக் பைப்புக்கு நடுவுல உக்காரும். பிரேக்கை மிதிச்சு பட்டனை அழுத்தினா ஆயில் அப்படியே உள்ள அடைபட்டுக்கும். அப்புறம் பெடல்ல இருந்து காலை எடுத்தாலும் பட்டனை விடுற வரைக்கும் சக்கரம் பிடிச்சபடியே நிக்கும்."

"நாலு சக்கரமுங்களா?"

"ரெண்டு மட்டும்."

"எந்த ரெண்டு?"

"யோசிச்சுப் பூட்டுங்க."

ஆறுக்குட்டி யோசித்தார். அந்த வண்டியில் இன்ஜின் பின்சக்கரங்களைத்தான் சுற்றும். ஓடுகிற சக்கரத்தை அல்லவா பிடிக்க வேண்டும்? பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பை அறுத்து நடுவில் வால்வைப் பூட்டினார். பைப்பில் புகுந்த காற்றையெல்லாம் வெளியேற்றினார். கியர் தலையில் பட்டனைப் பொருத்தினார். மேகலா பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் இருந்த நீளமான காங்கிரீட் தளத்தில் ஆறுக்குட்டி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார். வலது காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றிக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அணைந்தது.

"தப்பா பூட்டிட்டனுங்களா?"

"ஆமாங்க."

"பூட்டறப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்களே யோசிக்கணுமல்லங்க."

ஆறுக்குட்டி வண்டியிலிருந்து இறங்கினார். "அம்மணி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க. இந்தப் பட்டனை அழுத்தினா வண்டி நிக்கணுமா, போகணுமா?"

"முன்னாடி நிக்கணும். பின்னாடி ஓடணும்."

"முன்னாடி நிக்கறப்ப பின்னாடி ஓடி எங்கீங்க போகும்?"

"எங்கேயும் போகாது."

"அப்புறம் எதுக்கு ஓடணும்?"

"நின்ன இடத்துல சுத்தினாத்தான் டயர் சூடாகும். சூடானாத்தான் ரோட்டைப் பிடிக்கும்."

"பிடிக்கறதுக்காக வழுக்கணுமா?"

"ஆமாங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆறுக்குட்டி அதையே நினைத்துக்கொண்டு போனார். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டார்.

அடுத்த நாள் வால்வைக் கழற்றி, அறுத்த பைப்பை ஒட்டவைத்துவிட்டு, முன்சக்கரத்துப் பைப்பில் பூட்டினார். பிரேக் ஆயில் ஒழுகுகிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்த்தார். பட்டனை அழுத்தியபடி அவர் உட்கார்ந்திருக்க, மேகலா பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை.

"நல்லாப் பிடிக்குது. இப்ப ஓட்டுங்க."

பிரேக். பட்டன். வலது கால் ஆக்சிலேட்டருக்குப் போனது. கிளட்சை விட்டார். பின்சக்கரங்கள் கிறீச்சிட்டுச் சுற்றின. ரப்பர் வாடை வந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஆறுக்குட்டியின் வலது கால் தானாக பிரேக்குக்குத் தாவியது. வண்டி அணைந்தது.

"காலை எடுங்கண்ணா."

"எடுத்தனுங்க. அதுவாத் திரும்பிப் போயிடுச்சு."

மறுபடி ஓட்டினார். கால் மறுபடி தாவியது. வெள்ளிக்கிழமை முழுக்க இதே கதைதான். மலைப்பாதையில் டயர் வழுக்குகிற சத்தம் கேட்டால் பிரேக்குக்கு ஓடிப் பழகிய கால் அது. அவர் சொன்னால் கேட்கவில்லை. தொடையில் அறைந்தும் பார்த்தார்.

"பட்டன் பிடிச்சுக்கும். காலை எடுங்க." மேகலா ஒவ்வொரு முறையும் இதையே சொன்னார்.

சனிக்கிழமை காலை. ஆறுக்குட்டி வண்டியைத் தளத்தில் நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார். ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றப் போனபோது மேகலா நடந்து வந்து வண்டிக்கு நேர் முன்னால் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"தள்ளி நில்லுங்க அம்மணி."

"பட்டன் பிடிக்குமா, பிடிக்காதா?"

"பிடிக்கும். நானே பூட்டினதுங்க."

"அப்பக் காலை எடுங்க. கிளட்சை விடுங்க."

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஆறுக்குட்டியின் உள்ளங்கை வேர்த்துப் பட்டன் வழுக்கியது. ஒவ்வொரு இணைப்பையும் அவர்தான் முறுக்கினார். வண்டி அசையாது என்று அவருக்குத் தெரியும். டிப்போ ஆட்கள் நாளைக்கு வேன் பிடித்து வருகிறார்கள்.

"எடுங்கண்ணா!"

ஆறுக்குட்டியின் கால் பிரேக்கிலேயே இருந்தது. இந்த முறை அது தானாகப் போகவில்லை. அவர்தான் வைத்திருந்தார். கியரை விடுவித்துச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். கீழே இறங்கி வந்து சாவியை நீட்டினார்.

"என்னால ஆகாதுங்க அம்மணி. டிப்போல நான் சொல்லிக்கிறேன்."

மேகலா சாவியை வாங்கவில்லை.

"நாளைக்குக் காலையில நேரத்துல வந்துடுங்க. வண்டியை லாரியில ஏத்தணும்."

ஆறுக்குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான்தான் காலை எடுக்கலைங்களே."

"ஆமாங்க. எடுக்கலை."

"எடுத்திருந்தா?"

"சாவியை வாங்கியிருப்பேன்."

நீட்டிய கையை அவர் மெல்ல இறக்கினார். வண்டியைப் பார்த்தார். பிறகு மேகலாவைப் பார்த்தார்.

"நேத்தெல்லாம் காலை எடுங்க, காலை எடுங்கன்னு சொன்னீங்களே. அது பொய்யுங்களா?"

"இல்லைங்க. எடுத்துத்தான் ஆகணும்."

"இப்ப எடுத்திருந்தாத் தப்புன்னும் சொல்றீங்க."

"ஆமாங்க."

ஆறுக்குட்டிக்குத் தலை சுற்றியது. அழுகை வருகிற மாதிரியும் சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்குதுங்க. இந்தப் பட்டனை நம்பலாமா, நம்பக் கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மேகலா வண்டியின் முன்னாலிருந்து விலகி நடந்தார். தளத்தின் ஓரத்துச் சுவர் வரைக்கும் போய், அதில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"ஏறி உக்காருங்கண்ணா" என்றார். "இப்ப முன்னாடி யாரும் இல்லை."